பீட்டில்ஸ் இசைத்தட்டின் லேபிளைப் படிப்பது எப்படி

கோத்தகிரியில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருக்கும் அம்மா, தம் கணவர் காலமாகி ஓராண்டு கழிந்த பிறகு, பரணிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார். கணவர் தேயிலைத் தோட்டத்தில் ஓட்டுநராக இருந்தவர். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது அவரிடம் விட்டுச்சென்ற பெட்டி அது. “எல்லாம் இங்கிலீஷ் பாட்டு பிளேட்டு, தம்பி. பூசணம் வேற புடிச்சிருக்கு. எடைக்குப் போட்டுடட்டுங்களா?” என்று கேட்டார். மாலை வரை உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததில் 1960களின் இங்கிலாந்துப் பாட்டுக் குழுவான பீட்டில்ஸின் தட்டுகள் மட்டும் பதினொன்று தேறின. மூன்று இங்கிலாந்தில் அச்சானவை. எட்டு கல்கத்தாவை அடுத்த டம்டமில் அச்சானவை. அந்த எட்டில் ஒன்று, வினைல் என்ற பிளாஸ்டிக் வருவதற்கு முந்தைய காலத்து முறையில், நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டு.

இப்படிப்பட்ட பெட்டிகள் நீலகிரியிலும் பழனி மலையிலும் இன்னும் பல பரண்களில் கிடக்கின்றன. பாடல்கள் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது இந்தத் தட்டுகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஒரே பெயருள்ள பாட்டு எல்லாத் தட்டிலும் ஒரே பாட்டாக இருப்பதில்லை. எந்த நிறுவனம், எந்த ஊரில், எந்த ஆண்டில் அச்சிட்டது என்பதைப் பொறுத்து டிரம் வாசித்தவர் மாறியிருக்கலாம், பாட்டின் வேகம் மாறியிருக்கலாம், கடைசியில் வரும் ஒரு கூச்சல் இல்லாமலே போயிருக்கலாம். அதைச் சொல்லும் சாட்சி நடுவில் ஒட்டியிருக்கும் அந்த வட்டக் காகிதம்தான். நம் மலைக் காற்றின் ஈரம் முதலில் அரிப்பதும் அதைத்தான். ஆகையால் தட்டைச் சுழலவிடும் முன் லேபிளைப் படித்துவிட வேண்டும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, சன்னலோரத்துப் பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு சிறிய டார்ச் விளக்கு, பென்சில், நோட்டு ஆகியவை போதும். தட்டை விளிம்பிலும் நடு லேபிளிலும் மட்டும் விரல் படும்படி பிடிக்க வேண்டும். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பூசணம் பூத்த தட்டின்மேல் முள்ளை வைக்காதீர்கள்; வரித்தடத்துக்குள் கிடக்கும் அழுக்கை முள் அரைத்து உள்ளே இறக்கிவிட்டால், பிறகு எவ்வளவு கழுவினாலும் அந்தப் பொரிபொரிச் சத்தம் முழுதாகப் போகாது.

முதலில் நிறுவனப் பெயரைப் பாருங்கள். இந்தக் குழுவை 1962 ஜனவரி 1 அன்று டெக்கா நிறுவனம் பாட வைத்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆகவே டெக்கா லேபிளை இவர்களின் இங்கிலாந்துத் தட்டுகளில் தேட வேண்டியதில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் டோனி ஷெரிடன் என்ற பாடகருக்குப் பின்னணி வாசித்த ‘மை பானி’ பாலிடார் லேபிளில் வந்தது. மற்றபடி இங்கிலாந்தில் 1962 முதல் 1968 தொடக்கம் வரை வந்தவை அனைத்தும் இ.எம்.ஐ. நிறுவனத்தின் கிளையான பார்லோஃபோன் லேபிளில்தான். இவர்கள் பாடல்களின் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டின் 1955 முதல் பொறுப்பேற்று நடத்திவந்த அந்தக் கிளை, அதுவரை நகைச்சுவைத் தட்டுகளுக்கே அதிகம் பெயர் பெற்றிருந்தது. அதன் சின்னத்தைப் பவுண்டுக் குறி என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. உண்மையில் அது அந்நிறுவனம் ஜெர்மனியில் இருந்த காலத்து உரிமையாளரான கார்ல் லிண்ட்ஸ்ட்ராமின் பெயரில் உள்ள ‘எல்’ என்ற எழுத்து.

பார்லோஃபோன் என்று உறுதியான பின் நிறத்தைக் கவனியுங்கள். முதல் சிங்கிளான (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டு) ‘லவ் மீ டூ’ 1962 அக்டோபர் 5 அன்று, ஆர் 4949 என்ற எண்ணோடு, சிவப்பு லேபிளில் வந்தது. சிங்கிள்களின் லேபிள் 1963-இல் கறுப்புக்கு மாறியது. முதல் எல்.பி.யான (பல பாட்டுகள் உள்ள பெரிய தட்டு) ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ 1963 மார்ச் 22 அன்று வெளியானபோது கறுப்பில் பொன்னிற எழுத்து இருந்தது. மிக விரைவிலேயே அது கறுப்பும் மஞ்சளுமாக மாற்றப்பட்டது. பொன்னிற எழுத்துப் பிரதி மிக அரியது. அதை எதிர்பார்த்துப் பெட்டியைத் திறந்தால் மனம் சோர்ந்துபோகும். மஞ்சள் எழுத்து 1969 வரை நீடித்தது. அதன்பின் வெள்ளியும் கறுப்புமான லேபிளில் இ.எம்.ஐ. என்ற எழுத்துகள் ஒரு சிறு கட்டத்துக்குள்ளும், 1970களில் இரண்டு கட்டங்களுக்குள்ளும் வரத் தொடங்கின. உறை 1963-ஐச் சேர்ந்தது போலவே இருக்கும். உள்ளே இருக்கும் தட்டில் இரண்டு கட்டம் இருந்தால் அது பல ஆண்டு கழித்து அச்சானது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மஞ்சள் லேபிளுக்குள்ளேயே இன்னும் நுணுக்கமாகக் காலம் பிரிக்கலாம். விளிம்பைச் சுற்றி ஓடும் பொடி எழுத்து தொடக்கத்தில் ‘தி பார்லோஃபோன் கம்பெனி லிமிடெட்’ என்று தொடங்கும். 1965-ஐ ஒட்டி அது ‘தி கிராமபோன் கம்பெனி லிமிடெட்’ என்று மாறிவிடும். பட்டியல் எண்ணின் முன்னெழுத்தும் ஒரு செய்தி சொல்கிறது: பி.எம்.சி. என்றால் மோனோ (ஒரே வழியில் ஒலி), பி.சி.எஸ். என்றால் ஸ்டீரியோ (இடம், வலம் என இரு வழியில் ஒலி). முதல் எல்.பி. மோனோவில் பி.எம்.சி. 1202, ஸ்டீரியோவில் பி.சி.எஸ். 3042. ‘ரிவால்வர்’ (1966) முதல் இரண்டுக்கும் ஒரே எண்ணாகி 7009 என்று வரும். 1969 செப்டம்பரில் வந்த ‘அபே ரோடு’ இங்கிலாந்தில் ஸ்டீரியோவில் மட்டுமே வெளியானது, அதற்கு பி.எம்.சி. எண் கிடையாது.

ஆப்பிள் லேபிளைப் பற்றித்தான் அதிகமான பேர் குழம்புகிறார்கள். ஒரு பக்கம் முழுப் பச்சை ஆப்பிள், மறுபக்கம் நறுக்கிய பாதி ஆப்பிள் என்ற அந்த லேபிள் குழுவின் சொந்த நிறுவனத்தினுடையது. 1968 ஆகஸ்டில் ‘ஹே ஜூட்’ சிங்கிளோடு தொடங்கியது. ஆனால் ஒலிப்பதிவுகளின் உரிமையும் அச்சும் இ.எம்.ஐ.யிடமே இருந்தன. அதற்குச் சான்று லேபிளிலேயே இருக்கிறது: ‘ஹே ஜூட்’ தட்டின் எண்ணாகிய ஆர் 5722 பார்லோஃபோன் வரிசையைச் சேர்ந்தது, வெள்ளை உறை போட்ட இரட்டை எல்.பி.யின் பி.சி.எஸ். 7067-8 என்ற எண்ணும் அப்படியே. ஆகவே ஆப்பிள் படத்துக்குக் கீழே பார்லோஃபோன் எண்ணைக் கண்டு அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பார்லோஃபோன் பெயரில் இங்கிலாந்தில் இவர்கள் வெளியிட்ட கடைசி சிங்கிள் 1968 மார்ச்சில் வந்த ‘லேடி மடோனா’. அதைத் திருப்பிப் போட்டால் வரும் ‘தி இன்னர் லைட்’ பாட்டின் வாத்திய இசை அந்த ஆண்டு ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. ஒலிப்பதிவுக் கூடத்தில் நம் நாட்டுக் கலைஞர்கள் வாசித்தது. இந்தத் தட்டு கையில் கிடைத்தால் நான் எப்போதும் பின்பக்கத்தையே முதலில் கேட்பேன்.

லேபிளை ஈரம் தின்றுவிட்டிருந்தாலும் வழி இருக்கிறது. கடைசிப் பாட்டின் வரித்தடம் முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பான கறுப்பு வளையம் ஒன்று இருக்கும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து அதைச் சுற்றிவரப் பாருங்கள். இங்கிலாந்து இ.எம்.ஐ. தட்டாக இருந்தால், மூலத்தட்டின் எண்ணாகிய மேட்ரிக்ஸ் எண் அதில் பதிந்திருக்கும்; வளையத்தைக் கடிகார முகமாகக் கற்பனை செய்து, அந்த எண் ஆறு மணி இடத்துக்கு வரும்படி தட்டை வைத்துக்கொள்ளுங்கள். மோனோ எல்.பி.க்கு எக்ஸ்.இ.எக்ஸ்., ஸ்டீரியோவுக்கு ஒய்.இ.எக்ஸ். என்று தொடங்கி, எண்ணும், ஒரு சிறு கோடும், அதன்பின் 1, 2, 3 என்று ஓர் இலக்கமும் வரும். அந்தக் கடைசி இலக்கம் எத்தனையாவது முறை மூலத்தட்டில் பாட்டை வெட்டினார்கள் என்பதைக் காட்டும். ‘ரப்பர் சோல்’ மோனோவில் இரண்டு பக்கமும் 1 என்று முடிந்தால், அது ஒலி மிக உரக்க வெட்டப்பட்ட முதல் அச்சு. அடுத்தடுத்த வெட்டுகளில் அதைக் குறைத்துவிட்டார்கள். ‘ரிவால்வர்’ மோனோவின் இரண்டாம் பக்கத்தில் எக்ஸ்.இ.எக்ஸ். 606-1 என்று இருந்தால், கடைசிப் பாட்டான ‘டுமாரோ நெவர் நோஸ்’ உலகில் வேறெந்தத் தட்டிலும் அந்நாளில் வராத வேறொரு ஒலிக்கலவையில் ஒலிக்கும். தவறு தெரிந்தவுடன் மாற்றப்பட்டதால் அந்த வெட்டு மிகக் குறைவாகவே புழக்கத்தில் வந்தது.

ஒன்பது மணி இடத்தில் இருக்கும் எண், தட்டை அழுத்தும் உலோக வார்ப்பை எந்தத் தாய் அச்சிலிருந்து எடுத்தார்கள் என்பதைக் குறிக்கும். மூன்று மணி இடத்தில் ஓரிரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும்; அவைதாம் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆங்கிலத்தில் கிராமபோன் என்ற சொல்லின் முதல் ஏழு எழுத்துகளையும் அதைத் தொடர்ந்து லிமிடெட் என்பதன் சுருக்கமான மூன்று எழுத்துகளையும் வரிசையாக எழுதி, கீழே 1 முதல் 9 வரையும் கடைசி எழுத்துக்கு 0-உம் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மணி இடத்தில் ‘ஜி’ மட்டும் இருந்தால் முதல் அச்சுவார்ப்பு. ‘ஆர் ஏ’ என்று இருந்தால் இருபத்துமூன்றாவது. அழுத்தி அழுத்தித் தேய்ந்துவரும் உலோக வார்ப்பில் எவ்வளவு முன்னால் உள்ளது கிடைக்கிறதோ அவ்வளவு கூர்மையாக ஒலி இருக்கும் என்பதால், அக்காலத் தொழிலாளிகள் தங்கள் கணக்குக்காகப் பதித்த இந்த எழுத்துகள் இன்று நமக்குப் பயன்படுகின்றன. அந்த அம்மாவின் பெட்டியில் இருந்த ‘ஹெல்ப்!’ தட்டின் லேபிளில் பாதி எழுத்துகள் போய்விட்டிருந்தன. இந்த வளையத்தைப் படித்துத்தான் அது இங்கிலாந்து மோனோ என்று உறுதி செய்தேன்.

கண்ணால் படித்ததைக் காதாலும் சரிபார்க்கலாம். ‘லவ் மீ டூ’ பாட்டில் ஜல்ஜல் என்று டாம்பரின் கேட்டால், டிரம் வாசிப்பது ஆண்டி ஒயிட் என்ற கூலிக் கலைஞர். டாம்பரின் தட்டுபவர்தான் குழுவின் ரிங்கோ ஸ்டார். அது கேட்காவிட்டால், ரிங்கோவே டிரம் வாசித்த 1962-ஆம் ஆண்டுச் சிங்கிள் பதிவு. ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் சற்று விரைவாகவும் சுருதி ஏறியும், ஸ்டீரியோவில் தாழ்ந்தும் ஒலிக்கும். ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ முடிவில் விரலில் கொப்புளம் வந்துவிட்டது என்று ரிங்கோ கத்துவது ஸ்டீரியோவில் மட்டுமே உண்டு. 1967-இல் வந்த ‘சார்ஜன்ட் பெப்பர்’ எல்.பி.யின் முதல் இங்கிலாந்து அச்சில், இரண்டாம் பக்கம் முடிந்த பிறகும் முள்ளைத் தூக்காமல் விட்டால், மனிதக் காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு கீச்சொலியும், பிறகு பொருளற்ற பேச்சு ஒன்று மீண்டும் மீண்டும் சுழல்வதும் கேட்கும். வீட்டில் நாய் இருந்தால் கீச்சொலிக்குத் தலையைத் தூக்கிப் பார்க்கும். அமெரிக்க அச்சில் இது கிடையாது.

அமெரிக்க அச்சு நீலகிரியில் எனக்கு அபூர்வமாகவே கிடைத்திருக்கிறது; கொடைக்கானலில் இரண்டு முறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். 1901-இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய பள்ளிக்கூடமும் கோடைக்கு வந்து தங்கிய குடும்பங்களும் உள்ள ஊர் என்பதால் அங்கே அமெரிக்காவின் கேப்பிட்டல் நிறுவன லேபிள் தென்படுவதில் வியப்பில்லை. கறுப்பு லேபிளின் ஓரத்தில் வானவில் நிறப் பட்டை சுற்றியிருந்தால் அது 1960களின் கேப்பிட்டல். இ.எம்.ஐ.க்குச் சொந்தமாக இருந்தும் கேப்பிட்டல் முதலில் இவர்களை ஏற்கவில்லை; அதனால் தொடக்கப் பாடல்கள் வீ-ஜே, ஸ்வான் போன்ற சிறு நிறுவனங்களின் லேபிளில் அங்கே வந்தன; 1963 டிசம்பர் 26 அன்றுதான் ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ கேப்பிட்டலில் வெளியானது. வீ-ஜே எல்.பி.க்குப் போலிகள் ஏராளம். விலை கொடுத்து வாங்கும் முன் அறிந்தவரிடம் காட்டுங்கள்.

கேப்பிட்டல் தட்டில் பாடல் பட்டியலையே ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து ‘ரப்பர் சோல்’ ‘டிரைவ் மை கார்’ பாட்டோடு தொடங்கும். அமெரிக்கத் தட்டில் அது இல்லை, ‘ஐவ் ஜஸ்ட் சீன் எ ஃபேஸ்’ முதலில் வரும். அமெரிக்க ‘ரிவால்வர்’ தட்டில் குழுவின் ஜான் லெனன் எழுதிய மூன்று பாடல்களை எடுத்து வேறு தட்டில் சேர்த்துவிட்டார்கள். ‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ மட்டும் தலைகீழ்: இங்கிலாந்தில் இரண்டு சிறிய தட்டுகளாக வந்ததை அமெரிக்காவில் எல்.பி.யாக்கினார்கள், 1987-இல் சி.டி. வந்தபோது மற்ற எல்.பி.களுக்கு இங்கிலாந்து வரிசையும் இதற்கு அமெரிக்க வரிசையும் நிலைபெற்றன. குழு பாடல்களை அடுக்கிய முறையில் கேட்க விரும்பினால் இங்கிலாந்து வரிசையையே தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து.

இனி நம் நாட்டு அச்சு. 1928-இல் டம்டமில் எழுந்த கிராமபோன் கம்பெனி ஆலையிலிருந்துதான் நாய்ப் படம் போட்ட நம் தமிழ்ப் பாட்டுத் தட்டுகளும் வந்தன. பீட்டில்ஸும் அதே ஆலையில் அச்சானார்கள். விளிம்பில் இந்திய கிராமபோன் கம்பெனியின் பெயரும் ‘மேட் இன் இந்தியா’ என்பதும் இருக்கும். இவற்றை மட்டமாக எண்ணுபவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தில் 1960-ஐ ஒட்டியே 78 சுற்றுத் தட்டுகள் நின்றுவிட்டன. இங்கே மின்சாரமில்லாத வீடுகளில் சாவி கொடுத்துச் சுற்றும் பெட்டிகள் இருந்ததால், 1960களின் நடுப்பகுதி வரை பீட்டில்ஸ் பாடல்களை அரக்குத் தட்டில் அச்சிட்டார்கள். டி.பி.இ. என்று எண் தொடங்கும் அந்தத் தட்டுகளை உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். வினைலைவிடக் கனமாக, விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் ஓடு தட்டிய ஒலியோடு இருக்கும்; கைதவறினால் உடைந்துவிடும். எல்.பி.க்குரிய முள்ளை இதில் வைக்காதீர்கள்; 78-க்கென்றே உள்ள தடித்த முனை வேண்டும்.

துடைப்பதில் நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கிடைத்த முதல் பீட்டில்ஸ் அரக்குத் தட்டில் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருந்தது. ஊசி போடும் முன் தடவும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தபோது அழுக்குதான் வருகிறது என்று எண்ணி இன்னும் அழுத்தினேன். ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும். வந்தது அழுக்கல்ல, பாட்டு. அந்தத் தட்டில் இன்று முள் ஓடினால் இரைச்சல் மட்டுமே கேட்கும். அரக்குத் தட்டுக்கு ஸ்பிரிட்டை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். சற்றே ஈரமான மெல்லிய துணியால் வட்டமாகத் துடைத்து உடனே உலர்த்துங்கள். நீலகிரித் தைலம் எல்லாப் பூசணத்துக்கும் மருந்து என்ற பழக்கத்தையும் தட்டுகளிடம் காட்டாதீர்கள். எண்ணெய் வரித்தடத்தில் தங்கி தூசியைப் பிடிக்கும், லேபிள் காகிதத்தில் ஊறினால் எழுத்தே மங்கிப்போகும்.

வினைல் தட்டுக்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். லேபிளைவிடச் சற்றுப் பெரிதான பிளாஸ்டிக் மூடி ஒன்றை அதன்மேல் அழுத்திப் பிடித்து, வரித்தடம் ஓடும் திசையிலேயே மென்துணியால் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் மறுபடி துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். லேபிளில் பூசணம் இருந்தால் நனைக்காமல், நன்கு உலர்ந்த நாளில், வண்ணம் தீட்டும் மென்தூரிகையால் வெளியே வைத்துத் தட்டிவிடுங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து காற்று வறளும் தை, மாசி மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை.

தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும், கணப்பு மூட்டும் இடத்துக்குப் பக்கமும் ஆகாது. முன்னதில் உறை பூத்துவிடும், பின்னதில் தட்டு வளைந்துவிடும். பழைய காகித உள்ளுறையில் பூசண வாடை அடித்தால், அதைத் தனியே உலர்த்திப் பத்திரப்படுத்திவிட்டுத் தட்டைப் புதிய பாலித்தீன் உள்ளுறையில் இடுங்கள். அலமாரியில் வைக்கும் சிலிக்கா ஜெல் மணிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து மறுபடி வையுங்கள். 1968-இன் வெள்ளை உறை மற்ற எதையும்விட விரைவில் கறைபடும். அதன் முன்பக்கத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக எண் அச்சிட்டிருந்தார்கள் என்பதால், அந்த எண் இருக்கும் இடத்தை எதைக் கொண்டும் தேய்க்காதீர்கள்.

கடைசியாக, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சீட்டில் லேபிள் நிறம், விளிம்பு வாசகம், பட்டியல் எண், மேட்ரிக்ஸ் எண், மூன்று மணி எழுத்து, மோனோவா ஸ்டீரியோவா என்பது, யாரிடமிருந்து வந்தது என்பது ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி உறைக்குள் இடுங்கள். உறையின் மேலேயோ லேபிளிலோ எழுதாதீர்கள். அந்த அம்மாவின் பதினொரு தட்டுகளுக்கும் அப்படிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அரக்குத் தட்டின் சீட்டில், யாரிடமிருந்து வந்தது என்ற இடத்தில், தம் கணவரின் பெயரை அவரே தமிழில் எழுதினார்.